பச்சைப் பாசி ஏன் சிவக்கிறது?

பாசி என்றாலே பச்சைதான். 'பாசிப்பச்சை' என்று ஒரு நிறத்துக்கே பெயர் இருக்கிறது. பாசிப்பயறுக்கும் அந்த நிறத்தால் வந்த பெயர்தான். கிணற்றுச் சுவர், குளத்துப் படிக்கட்டு, மழைக்காலத்தில் ஆளை வழுக்கிவிடும் மொட்டைமாடி என்று எங்கே பார்த்தாலும் அதே பச்சை. ஆனால் பச்சைப் பாசிக் குடும்பத்திலேயே ஒரு விசித்திரப் பிறவி உண்டு. வெயில் ஏறி, உப்பு கூடி, சாப்பாடும் குறைந்துவிட்டால் அது பச்சையைக் கைவிட்டுச் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும்!

மனிதருக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும், வெட்கப்பட்டாலும் சிவக்கும். இந்தப் பாசி சிவப்பது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள.

பெயர் டுனாலியெல்லா சலைனா. ஒரே ஒரு செல்தான் முழு உடம்பும். சுமார் நூறு செல்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் வரும். நீந்துவதற்குச் சாட்டை மாதிரி இரண்டு இழைகள். உப்பு விளையும் கடற்கரை எதுவானாலும் அநேகமாக அங்கே இது இருக்கும். தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம்... சென்னைக்காரர்களுக்கு ரொம்பப் பக்கம் என்றால் எண்ணூருக்கு வடக்கே அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி வட்டாரம்.

எண்ணூர் என்றதும் புகைபோக்கி, நிலக்கரி, கன்டெய்னர் லாரி எல்லாம் ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் அனல் மின் நிலையங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது உப்பு விளைந்த ஊர். கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரமும், பழவேற்காடு வரை நீளும் உப்பங்கழியும், தட்டையான நிலமும், கொளுத்தும் வெயிலும் உப்புக்கென்றே அமைந்த மாதிரி இருந்தன. பக்கிங்காம் கால்வாயில் படகுகளில் உப்பு பட்டணத்துக்கு வந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில்வே கூட்ஸ் யார்டுக்கு 'சால்ட் கொட்டாரஸ்' என்று பெயர். உப்பைச் சேர்த்துவைத்த கொட்டாரங்களிலிருந்து வந்த பெயர் அது. உப்பு போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உப்பளத்தின் நிறங்கள்

உப்பளத்தில் தண்ணீரை ஒரே இடத்தில் தேக்கிக் காயவைத்துவிடுவதில்லை. முதலில் பெரிய தேக்கம், அடுத்தடுத்து ஆழம் குறைந்த பாத்திகள், கடைசியில் உப்பு வாரும் பாத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் ஆவியாகி உப்பின் அடர்த்தி ஏறும். அடர்த்தியை 'டிகிரி' கணக்கில் சொல்வார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி. அது 25 டிகிரியைத் தொடும்போது சாப்பாட்டு உப்பு படிகமாக இறங்கத் தொடங்கும்.

டிகிரி ஏற ஏறத் தண்ணீரின் நிறமும் மாறும். தேக்கத்தில் சாதாரணப் பச்சை. நடுவில் கலங்கிய மஞ்சள் பச்சை. கடைசிப் பாத்திகளில் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக, யாரோ ரோஸ்மில்க்கைக் கொட்டிவிட்டது போல இருக்கும். சிவந்த தண்ணீர் வெயிலை அதிகமாக உறிஞ்சிச் சூடாகும், சீக்கிரம் ஆவியாகும். ஆக உப்பு விளைவதிலும் இந்த நிறத்துக்கு ஒரு பங்கு உண்டு.

இந்தச் சிவப்புக்கு யார் காரணம் என்பதில் 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சின்னச் சண்டையே நடந்தது. உப்புத் தண்ணீரில் வாழும் பொடி இறால்தான் காரணம் என்று ஒரு கட்சி. பிரான்ஸ் நாட்டின் தெற்கே மோன்பெலியே பக்கத்து உப்பளங்களை ஆராய்ந்த மிஷேல் ஃபெலிக்ஸ் டுனால் என்பவர், 1838-ல், இது கண்ணுக்குத் தெரியாத பாசியின் வேலை என்று சொன்னார். 1905-ல் ருமேனியாவைச் சேர்ந்த தியோடொரெஸ்கோ இந்தப் பாசிக்குத் தனிப் பேரினம் வகுத்து, டுனாலின் பெயரையே வைத்தார்.

இதில் இன்னொரு பங்காளியும் உண்டு. உப்பு மிக அதிகமான நீரில் ஆர்க்கியா என்ற பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றின் நிறமும் சிவப்புதான். காசிமேடு, ராயபுரம் பக்கம் கருவாடு போடுகிறவர்கள் இவற்றை வேறு விதத்தில் அறிந்திருப்பார்கள். உப்பு போட்டுக் காயவைத்த மீன் ஈரம் பட்டால் சில சமயம் ரோஸ் நிறம் பூத்துக் கெட்டுப்போகும். கடலுப்போடு கூடவே வந்த இந்த நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. ஆக, பாத்தியின் சிவப்பு முழுவதும் டுனாலியெல்லாவுக்குச் சொந்தமில்லை. ஆனால் பச்சையாகப் பிறந்து தேவைப்படும்போது சிவப்பது டுனாலியெல்லாதான்.

முதல் எதிரி உப்பு

மாங்காயில் உப்பைப் பிசறிவைத்தால் என்ன ஆகும்? அடுத்த நாள் மாங்காய் சுருங்கி, தண்ணீர் வெளியே நிற்கும். மீனில் உப்பு போட்டாலும் அப்படித்தான். உப்பு வெளியே அதிகமாக இருந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். ஊறுகாயும் கருவாடும் கெடாமல் இருப்பதன் ரகசியமே இதுதான். அவற்றில் வளர வரும் கிருமியின் உடம்புத் தண்ணீரையும் உப்பு உறிஞ்சிவிடும்.

அப்படியானால் கடல்நீரைப் போல எட்டு, பத்து மடங்கு உப்பில் டுனாலியெல்லா எப்படிப் பிழைக்கிறது? செல்லுக்குள்ளேயே கிளிசரால் தயாரித்துக்கொள்கிறது. தோல் வறட்சிக்குப் பூசும் கிளிசரின் என்கிறோமே, அதே பொருள். வெளியே எவ்வளவு உப்போ அதற்கு ஈடாக உள்ளே கிளிசரால். இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் தண்ணீர் வெளியே ஓடாது. உப்பு மிக அதிகமான நீரில் செல்லின் உலர் எடையில் பாதி வரை கிளிசராலாகவே இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. மற்ற பாசிகளுக்கு இருப்பதுபோல இதற்குக் கெட்டியான செல் சுவர் கிடையாது. மெல்லிய சவ்வு மட்டும்தான். திடீரென்று ஒரு கோடை மழை பெய்து உப்பு குறைந்தால் பலூன் மாதிரிக் கொஞ்சம் உப்பும். பிறகு கிளிசராலை ஸ்டார்ச்சாக மாற்றிச் சேமித்துக்கொண்டு பழைய அளவுக்கு வந்துவிடும். வெயில் அடித்து உப்பு ஏறினால் அந்த ஸ்டார்ச்சை உடைத்து மறுபடி கிளிசரால். கில்லாடிதான்!

உப்பை இப்படிச் சமாளித்தாயிற்று. இதற்கும் சிவப்புக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. சிவப்பு தேவைப்படுவது இரண்டாவது எதிரிக்காக.

இரண்டாவது எதிரி வெளிச்சம்

வெளிச்சம் தாவரத்துக்கு எதிரியா? பாசி உயிர் வாழ்வதே வெளிச்சத்தால்தானே? கேள்வி சரிதான். வெளிச்சம் சாப்பாடு, ஆனால் அளவுக்கு மிஞ்சினால்?

வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ஏதாவது தடங்கல் வந்தால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நின்றுவிடும். லாரிகள் வந்துகொண்டே இருக்கும், உள்ளே எடுக்க ஆள் இல்லை. நிற்கிற லாரிகளால் பள்ளிக்கூட பஸ் போக முடியாது, ஆம்புலன்ஸ் போக முடியாது. லாரியின் மேல் தப்பில்லை, அது சரக்குதான் கொண்டுவந்தது. இறக்க வழி இல்லாததுதான் சிக்கல்.

செல்லுக்குள்ளும் இதே கதை. பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்து அதன் ஆற்றலை அடுத்த கட்டத்துக்கு அனுப்புகிறது. அந்த ஆற்றலில் சர்க்கரை தயாராகும், அதை வைத்துப் புதிய செல்கள் உண்டாகும். புதிய செல் உண்டாகப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைட்ரஜன் வேண்டும். உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் பெரும்பாலும் நைட்ரஜனுக்குப் பஞ்சம். வேலை நின்றுவிட்டது, ஆனால் சூரியன் நிற்பதில்லை. ஆழம் குறைந்த பாத்தியில் ஒளிந்துகொள்ள நிழலும் இல்லை. காலையிலிருந்து மாலை வரை லாரிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

இறக்க முடியாத ஆற்றல் பச்சையத்திலேயே தேங்கும். தேங்கியது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் மேல் பாயும். ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் எதையும் விட்டுவைக்காது. கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று கண்டதையெல்லாம் தாக்கும். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் அதே ஆக்சிஜன், பல மடங்கு வெறியோடு.

இந்த ஆக்சிஜன் தொல்லை ஆரம்பித்ததே செல்லுக்கு ஒரு அபாயச் சங்கு. உடனே நிறமி தயாரிக்கும் நொதிகள் முடுக்கிவிடப்படுகின்றன. முதலில் நிறமில்லாத ஒரு பொருள். அது படிப்படியாக மாறித் தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் ஆகிறது. அதன் இரண்டு முனைகளும் வளையமாக மூடிக்கொண்டால் கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின். நாற்பது கார்பன் அணுக்களும் 56 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட நீளமான மூலக்கூறு அது. இதில் நைட்ரஜன் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். நைட்ரஜன் பஞ்ச காலத்தில் தயாரிப்பதற்கு இதைவிடத் தோதான பொருள் கிடைக்காது. மிஞ்சிக் கிடக்கும் கார்பனை வைத்தே கவசம் செய்துகொள்கிறது.

கீற்றுப் பந்தல்

எல்லாப் பச்சை இலையிலும் கொஞ்சம் கரோட்டின் உண்டு. முருங்கைக்கீரையில் இருக்கிறது, கறிவேப்பிலையில் இருக்கிறது. அங்கே அது பச்சையத்தோடு பச்சையமாகக் கலந்து வேலை செய்யும். டுனாலியெல்லா சிவக்கும்போது செய்வது வேறு. கரோட்டினை எண்ணெய்த் துளிகளில் கரைத்து, பசுங்கணிகத்தின் ஓரங்களில் அடுக்கி வைக்கிறது. உள்ளே ஒளிச்சேர்க்கை நடக்கும் இடம், வெளியே ஆரஞ்சு எண்ணெய்த் திரை. கோடையில் வீட்டுக்கு முன்னால் தென்னங்கீற்றில் பந்தல் போடுகிற மாதிரி.

இந்தப் பந்தலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கரோட்டின் ஆரஞ்சாகத் தெரிவதற்குக் காரணம், அது நீல ஒளியை விழுங்கிவிடுவதுதான். ஆகவே பந்தல் தடுப்பதும் நீல ஒளியைத்தான்.

இஸ்ரேலைச் சேர்ந்த பென்-அமோட்ஸ், அவ்ரான் குழுவினர் 1989-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கரோட்டின் நிறைந்த செல்கள் மேல் கடுமையான நீல ஒளியைப் பாய்ச்சினார்கள். செல்கள் தாக்குப்பிடித்தன. கரோட்டின் குறைந்த செல்களுக்கு அதே ஒளியில் பலத்த சேதம். பிறகு நீலத்துக்குப் பதிலாகக் கடுமையான சிவப்பு ஒளி. இப்போது கரோட்டின் இருந்தும் பயனில்லை! சிவப்பு ஒளியைக் கரோட்டின் விழுங்குவதில்லை, பந்தலின் ஓட்டை வழியாக அது நேரே உள்ளே போய்விடுகிறது.

இந்தச் சோதனைதான் விஷயத்தின் மையம். கவசம் என்றால் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் என்று பொருளில்லை. எந்த எதிரியை அந்த உயிரினம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சந்தித்து வந்ததோ, அந்த எதிரிக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

சிவப்புக்குக் கொடுக்கும் விலை

சிவந்த டுனாலியெல்லாவின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை பீட்டா கரோட்டின் இருக்கலாம். தண்ணீரை நீக்கிவிட்டு எடைக்கு எடை பார்த்தால் கேரட்டில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். சும்மா விடுவார்களா? ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன், வயல்லா, இஸ்ரேலின் எய்லாட் போன்ற இடங்களில் 1980-கள் முதல் இதைப் பயிர் செய்து கரோட்டின் எடுத்து விற்கிறார்கள். உணவுக்கு நிறமேற்ற, மாத்திரை செய்ய, மீன் தீவனத்தில் கலக்க என்று பல உபயோகம். நம் நாட்டில் மைசூரில் இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்தப் பாசியைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் இதைப் பயிர் செய்கிறவர்களுக்கு ஒரு தலைவலி. வசதியாக வைத்தால் பாசி நன்றாகப் பெருகும், ஆனால் பச்சையாகவே இருக்கும், கரோட்டின் கிடைக்காது. கஷ்டப்படுத்தினால் சிவக்கும், ஆனால் பெருகுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் பல இடங்களில் இரண்டு கட்டமாக வளர்க்கிறார்கள். முதலில் நைட்ரஜன் கொடுத்து, மிதமான உப்பில் பச்சையாகப் பெருக்குவது. பிறகு பட்டினி போட்டு, வெயிலில் நிறுத்திச் சிவக்க வைப்பது.

அதாவது சிவந்த செல் உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். அது வளரவில்லை, பெருகவில்லை. கையில் இருந்ததையெல்லாம் கவசத்தில் போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருக்கிறது. மழை வந்தால் உப்பு குறையும், அடித்துவரும் தண்ணீரில் நைட்ரஜனும் வரும். செல் மெல்லப் பச்சைக்குத் திரும்பி, மறுபடி பெருகத் தொடங்கும். தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வேலையை ஒழுங்காகச் செய்துவருகிறது. உப்பளத்தில் மனிதர்களுக்கு வேலை இல்லாத மாதங்கள்தான் பாசிக்கு நல்ல மாதங்கள்.

கஷ்டம் ஒரு நாள் முடியும் என்ற கணக்கில் போடப்பட்ட ஏற்பாடு இது. முடியாத கஷ்டத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

நண்டு, பூநாரை, மாத்திரை

டுனாலியெல்லா மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். மழைநீர் தேங்கிய குழியில் ஹெமடோகாக்கஸ் என்ற பச்சைப் பாசி வளரும். குழி வற்றத் தொடங்கினால் கெட்டியான உறைக்குள் சுருண்டு, ரத்தச் சிவப்பாக மாறி, அடுத்த மழை வரை தூங்கும். அதன் நிறமிக்கு அஸ்டாசாந்தின் என்று பெயர். ஈரமான சுவரிலும் மரப்பட்டையிலும் காவி பூசியது போலப் படரும் டிரென்டிபோலியாவும் வகைப்படி பச்சைப் பாசிதான்! 2001-ல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்து ஊரெல்லாம் பரபரப்பானதே, அந்த நிறத்துக்கு டிரென்டிபோலியாவின் வித்துகள்தான் காரணம் என்று அங்கே ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். பனிமலைகளில் பனியையே தர்பூசணி நிறமாக்கும் பச்சைப் பாசியும் உண்டு. அங்கே உப்பு இல்லை, ஆனால் வெயிலும் பட்டினியும் உண்டு.

விலங்குகளால் பொதுவாக இந்த நிறமிகளை அடியிலிருந்து தயாரிக்க முடியாது. பாசியோ செடியோ செய்து கொடுத்தால்தான் உண்டு. காசிமேட்டில் வாங்கிவந்த நண்டு உயிரோடு இருக்கும்போது பச்சையும் நீலமுமாக இருக்கும், குழம்பில் கொதித்ததும் சிவந்துவிடும். அஸ்டாசாந்தின் அதன் ஓட்டில் முதலிலிருந்தே இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப்போட்டு நிறத்தை மறைத்துவைத்திருக்கும். சூடு பட்டதும் புரதம் சிதைந்து சிவப்பு வெளியே வரும். இறாலுக்கும் இதே கதைதான். பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைகளின் இளஞ்சிவப்பும் சாப்பாட்டு வழியாக வந்ததுதான். பாசி வெயிலுக்குப் பயந்து செய்த கவசம், பூநாரைக்கு அலங்காரம்!

மனிதருக்கும் பீட்டா கரோட்டின் வேண்டும். உடம்பு அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது, அது குறைந்தால் மாலைக்கண் வரும். அதனால் கரோட்டின் மாத்திரையை எவ்வளவு விழுங்கினாலும் நல்லதுதான் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1994-ல் வந்த முடிவு எல்லோரையும் தூக்கிவாரிப்போட்டது. தினமும் 20 மில்லிகிராம் கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது! பாசிக்குள் வெயிலைத் தடுத்த அதே பொருள் புகை நிறைந்த நுரையீரலில் உதவவில்லை, உபத்திரவம் செய்தது. இடம் மாறினால் கவசத்தின் குணமும் மாறிவிடுகிறது.

எண்ணூருக்குத் திரும்பினால்

இத்தனையும் தெரிந்தபின் எண்ணூர் வரைபடத்தைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது, 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது. வல்லூரில் இன்னொரு மின் நிலையம், காட்டுப்பள்ளியில் இன்னொரு துறைமுகம். மின்சாரம் வேண்டும், துறைமுகம் வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் இவற்றுக்கான இடம் வந்தது உப்பளங்களிலிருந்தும் உப்பங்கழியிலிருந்தும். பாத்திகள் பல மண் கொட்டி மேடாக்கப்பட்டன. மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து அனுப்பும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலையாற்றின் அடியில் சாம்பல் படிந்தது. ஆற்றின் ஆழம் குறைந்துபோனதை அங்கே வலை வீசுகிறவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள்.

2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியது. எர்ணாவூர், திருவொற்றியூர் கரைகளில் மாணவர்களும் தொண்டர்களும் வாளியில் எண்ணெயை அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத்திணறலோடு தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

கடும் உப்பு, கொளுத்தும் வெயில், பட்டினி மூன்றையும் சேர்ந்தாற்போலத் தாங்கும் உயிர் டுனாலியெல்லா. ஆனால் சாம்பல் படிந்து மூடினால் அதற்கு வெளிச்சமே கிடைக்காது, வெளிச்சத்தைத் தடுக்கும் நிறமியால் அங்கே என்ன லாபம்? எண்ணெய்ப் படலத்துக்குக் கரோட்டினில் மருந்து இல்லை. மண் கொட்டி மூடிய பாத்தியில் தண்ணீரே இல்லை, எந்தக் கவசத்தை யார் போட்டுக்கொள்வது? நீல ஒளிக்கு எதிராகக் கட்டிய பந்தலில் சிவப்பு ஒளி நுழைந்த கதைதான்.

பாத்தியில் நின்று உப்பு வாரும் மனிதரையும் இங்கே நினைக்க வேண்டும். அதே வெயில், அதே உப்பு, வெள்ளை உப்பிலிருந்து எகிறி நேரே கண்ணுக்குள் பாயும் அதே கூசும் வெளிச்சம். காலடியில் இருக்கும் ஒரு செல் உயிர் தனக்குத்தானே கூலிங் கிளாஸ் செய்துகொள்கிறது. பலகையைப் பிடித்து உப்பை இழுக்கிறவருக்கு அப்படி எதுவும் தானாக முளைப்பதில்லை. கண்ணாடி, காலுக்கு பூட்ஸ், நிழலுக்கு ஒரு கொட்டகை எல்லாமே யாராவது வாங்கித் தந்தால்தான். உப்பு மட்டும் எல்லார் வீட்டுக்கும் போகிறது.

வடசென்னையில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை 'பழகிப்போச்சு'. புகை பழகிப்போச்சு, நாற்றம் பழகிப்போச்சு, ஜன்னல் கம்பியில் படியும் கரித்தூளும் பழகிப்போச்சு. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, "அவர்களுக்குப் பழக்கம்தானே, தாங்கிக்கொள்வார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்த தொழிற்சாலைக்கு இடம் தேடும்போதும் கை அதே பக்கம் போகிறது.

இந்த இடத்தில்தான் பாசி உதவிக்கு வருகிறது. சிவந்த பாசியைப் பார்த்து, "அடடா, உப்பும் வெயிலும் இதற்கு ஒத்துப்போய்விட்டது" என்று யாராவது சொன்னால் அது தப்புக் கணக்கு. ஒத்துப்போயிருந்தால் அது பச்சையாக இருந்திருக்கும், பெருகியிருக்கும். சிவப்பு என்பது வளர்ச்சியை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துவைத்திருப்பதன் அடையாளம். தாங்குவது வேறு, வாழ்வது வேறு. ஒரு செல் பாசிக்கே இந்த வித்தியாசம் இருக்கும்போது, எர்ணாவூரிலும் காட்டுக்குப்பத்திலும் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு எவ்வளவு இருக்கும்?

பாசிக்காவது ஐப்பசியில் மழை வருகிறது. அதன் கஷ்டத்துக்கு ஒரு கெடு உண்டு. வடசென்னையின் கஷ்டத்துக்குக் கெடு வைக்க வேண்டியது மனிதர்கள்தான். கசியும் குழாயை மாற்றுவது, ஆற்றில் படிந்த சாம்பலை அள்ளுவது, மிச்சமிருக்கும் உப்பளத்தையும் கழியையும் மண் கொட்டாமல் விட்டுவைப்பது எல்லாம் செய்யக்கூடிய வேலைகளே. பல வருடங்களாக அந்தப் பக்கத்து மீனவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதும் இவற்றைத்தான்.

அதற்குள், கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறவர்கள் எண்ணூர் தாண்டியதும் செல்போனைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். ஆறு வரும், சாம்பல் வரும், மின்கம்பங்களும் புகைபோக்கிகளும் வரும். எங்காவது ஒரு மூலையில் தேங்கிய உப்புத் தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தால், அது சாயக்கழிவாகத்தான் இருக்க வேண்டும் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். கோடிக்கணக்கான பச்சைப் பாசிகள் பந்தலைப் போட்டுக்கொண்டு மழைக்குக் காத்திருக்கலாம்.